மீட்டருக்கு வைத்த பொட்டு

போன வாரம் நந்தினி போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற கம்பெனியில் இப்போது என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள். உப்புத் தண்ணீரைக் குடிதண்ணீராக்கும் பிளான்ட்டை அவள் இனிமேல் நேரில் போய்ப் பார்க்க வேண்டியதே இல்லையாம். வீட்டு சோபாவில் சாய்ந்தபடி மொபைலைத் திறந்தால் எல்லா எண்களும் வந்து நிற்குமாம்.

“சீரியஸா சொல்றேன் ஆன்ட்டி, டென்ஷனே நஹி. ரீடிங் ஏறிச்சுன்னா ஆப்பே கத்தும். நீங்கள்லாம் எப்படித்தான் மேனேஜ் பண்ணீங்களோ! அந்தக் கதையெல்லாம் எழுதுங்களேன்.”

“எழுதினா நீ படிப்பியா? ஒரு போஸ்டர எழுத்துக் கூட்டிப் படிக்கவே ஒனக்கு அரை நாள் ஆவும்.”

“அம்மாகிட்ட குடுத்துப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கறேன்.”

ஆகவே நந்தினியின் அம்மாவுக்காக இதை எழுதுகிறேன். உங்கள் மகள் மீட்டரை ரொம்பவும் நம்புகிறாள், அம்மா. நம்பட்டும், நல்ல பெண். ஆனால் நான் ஒரு மீட்டரைப் பத்தொன்பது நாள் பொய் சொல்ல வைத்தவள். அதுவும் சாமி பெயரைச் சொல்லி.

நான் மும்பை தாராவியில் வளர்ந்தவள். மாட்டுங்காவில் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி முடித்ததும் செம்பூரில் ஒரு தொழிற்சாலையில் பயிற்சி கெமிஸ்ட்டாகச் சேர்ந்தேன். சம்பளம் குறைவு, லேப் கோட் என்னைவிட இரண்டு அளவு பெரிது. ஒரு வருடம் ஒழுங்காக இருந்தால் வேலையை நிரந்தரமாக்குவார்கள் என்று எழுதியிருந்தது. ஒழுங்காக என்றால் என்ன என்று எழுதவில்லை.

தொழிற்சாலை கடல் கழிமுகத்துக்குப் பக்கத்தில் இருந்தது. மாநகராட்சித் தண்ணீர் போதாமல் உள்ளே போர்வெல் போட்டிருந்தார்கள். அந்தத் தண்ணீரை வாயில் வைத்தால் முகம் தானாகவே கோணிக்கொள்ளும், அவ்வளவு உப்பு. அதைப் பம்பு வைத்து அழுத்தி, மெம்பிரேன் என்கிற மெல்லிய சவ்வுத் தாள் வழியாகப் பிழிவார்கள். தண்ணீர் சவ்வைத் தாண்டி அந்தப் பக்கம் போகும். உப்பு இந்தப் பக்கமே நின்றுவிடும். நின்ற உப்புத் தண்ணீர் சாக்கடைக்கு, தாண்டிய நல்ல தண்ணீர் கேன்டீனுக்கும் ஆபீசுக்கும் பக்கத்துக் குவார்ட்டர்ஸுக்கும். நான் ஒரு வருடம் படித்த பாடம் இந்த நாலு வரிதான். மிச்சமெல்லாம் வால்வைத் திறப்பதும் மூடுவதும்.

முதல் மாதம் இதை அம்மாவிடம் பெருமையாக விளக்கினேன். அவள் தோசையைத் திருப்பிக்கொண்டே கேட்டாள்.

“நல்ல தண்ணி கொண்டாரதுக்கு ஒனக்குச் சம்பளம் குடுக்கானா? நான் இருவது வருசமா கொழாயடியில சண்ட போட்டுக் கொண்டாந்தனே, எனக்கு எவன் குடுத்தான்?”

நான் இன்னொரு தோசைக்குத் தட்டை நீட்டினேன்.

பிளான்ட்டுக்குப் பொறுப்பாளர் வைத்தி சார். பாலக்காட்டுத் தமிழர், மாட்டுங்காவில் குடியிருந்தார். கிங்ஸ் சர்க்கிளில் ரயில் ஏறி, வடாலாவில் மாறி, செம்பூரில் இறங்கும்வரை சட்டையின் இஸ்திரி மடிப்பு கலையாமல் வருவார். அதை எப்படிச் சாதித்தார் என்பது மெம்பிரேனை விடப் பெரிய விஞ்ஞானம். கோபம் வந்தால் கத்தமாட்டார். “போறும்” என்று ஒரு சொல் சொல்வார், அதற்கு மேல் நமக்கே பேச நா எழாது.

அவருடைய சொத்து அவருடைய நாக்கு. பிளான்ட்டில் நீளமான மூன்று வெள்ளைக் குழாய்கள் படுத்திருக்கும். ஒவ்வொன்றுக்குள்ளும் ஆறு மெம்பிரேன்கள் வரிசையாகக் கோத்திருக்கும். ஒவ்வொரு குழாயின் நல்ல தண்ணீரையும் தனியாகத் திறந்து பிடிக்க ஒரு சின்னத் திருகு உண்டு. காலை எட்டு மணிக்குச் சார் வருவார். கையைக் கழுவுவார். மூன்று தரம் வாய் கொப்பளிப்பார். ஒவ்வொரு திருகிலிருந்தும் ஒரு டம்ளர் பிடித்து வைத்து, கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றிலும் ஒரு வாய் எடுத்து, பத்து எண்ணும்வரை நாக்கில் நிறுத்தி, துப்புவார். நேற்று எது நன்றாக இருந்ததோ அதில்தான் தொடங்க வேண்டும். மோசமானதை முதலில் வைத்தால் நாக்கு ஏமாந்துபோகும் என்பார். அதற்கு அரை மணி முன்னால் காபி கூடாது. கூடவே வருகிற நானும் ஊறுகாய் சாப்பிட்டிருக்கக் கூடாது.

“மாவடு சாப்ட்டு வந்திருக்கே. மூணடி தள்ளி நில்லும்மா, எனக்கு இங்கேயே புளிக்கறது.”

பிறகு பதிவேட்டை விரிப்பார். அழுத்தம், ஓட்டம், மீட்டர் எண் என்று அச்சடித்த கட்டங்களுக்குப் பக்கத்தில் ஸ்கேல் வைத்துத் தானே ஒரு கட்டம் போட்டு, தலைப்பாக ‘நா’ என்று எழுதியிருந்தார். அதில் ‘சரி’, ‘சுமார்’, ‘கரிக்கிறது’ என்ற மூன்றில் ஒன்று விழும். எல்லாம் முடிந்த பிறகுதான் அந்தத் தண்ணீரில் தன் கையால் காபி போடுவார். மாட்டுங்காவில் அரைத்த பொடி, வீட்டிலிருந்து கொண்டுவந்த டபரா. காபி நன்றாக இருந்தால் பிளான்ட் நன்றாக இருக்கிறது என்று பொருள்.

எனக்கு இதெல்லாம் பெரிய வேடிக்கை. நல்ல தண்ணீர்க் குழாயில்தான் ஒரு மீட்டர் இருந்ததே! அதன் முனை தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும். உப்பு ஏறினால் எண்ணும் ஏறும். அதை விட்டுவிட்டு ஒரு மனிதர் தினமும் கொப்பளித்துத் துப்புகிறாரே என்று, சேர்ந்த மாதமே ஒருநாள் மூன்றாவது டம்ளரில் யாருக்கும் தெரியாமல் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டு வைத்தேன். சார் குடித்தார், பத்து எண்ணினார், துப்பினார். மாலையில் பதிவேட்டைப் புரட்டினால் ‘நா’ கட்டத்தில் அழகான கையெழுத்தில் எழுதியிருந்தது: “மூன்றாவது: செல்வி உப்பு போட்டாள்.”

அந்த வரி கம்பெனி ஆவணத்தில் என்றென்றைக்கும் இருக்கும் என்று நினைத்து நான் சாப்பிடவில்லை.

ஆயுத பூஜை வந்தது. தொழிற்சாலையில் மற்ற டிபார்ட்மென்ட்டுகளில் மராத்திக்காரர்கள் மெஷினுக்குச் சாமந்தி மாலை போட்டு முடித்துக்கொள்வார்கள். எங்கள் பிளான்ட்டில் மூன்று பேரும் தமிழர்கள் என்பதால் சந்தனம், குங்குமம், பொரிகடலை என்று அமர்க்களம். மூன்றாவது ஆள் ஆபரேட்டர் சுடலை அண்ணாச்சி, கோவண்டியில் வீடு, எங்கள் அப்பா ஊர்ப் பக்கம். பொட்டு வைக்கும் பொறுப்பு என்னுடையது. பம்புக்கு வைத்தேன். மூன்று குழாய்களுக்கும் வைத்தேன். டெலிபோனுக்கும் சாரின் நாற்காலிக்கும் காபி டபராவுக்கும்கூட வைத்தேன்.

அண்ணாச்சி மீட்டர் முனையைக் கழற்றித் துடைத்து, செய்தித்தாள் மேல் வைத்திருந்தார். விரல் நீளம், தலையில் ஊசித் துளைகள். பார்க்க மொட்டையாக, பாவமாக இருந்தது. எல்லோரும் நாக்கையே புகழ்கிறார்களே, உனக்கு யார் இருக்கிறார்கள் என்று அதன் தலையில் சந்தனத்தை நன்றாக அப்பி, குங்குமமும் வைத்தேன். மற்றவைக்கு ஒரு பொட்டு, மீட்டருக்கு மட்டும் இரண்டு.

மறுநாள் விஜயதசமி. புனர்பூஜை முடிந்து பிளான்ட்டை நல்ல நேரத்தில் ஓட்ட வேண்டும் என்று சாரின் உத்தரவு. அண்ணாச்சி முனையைத் திருப்பி மாட்டப் போனார்.

“தங்கச்சி, பொட்ட அழிச்சிரட்டா?”

“சாமிக்கு வச்சத அழிக்கலாமா அண்ணாச்சி? தானா போவும்.”

“அதுவுஞ் செரிதான்” என்று அப்படியே மாட்டிவிட்டார்.

பூஜையில் வைத்த பொட்டை யாராவது துடைப்பார்களா? எங்கள் வீட்டில் தையல் மெஷினில் வைத்த பொட்டு அடுத்த ஆயுத பூஜைவரை இருக்கும். ஆனால் தையல் மெஷினை யாரும் தண்ணீருக்குள் போடுவதில்லை, அதை நான் யோசிக்கவில்லை.

இதற்குள் கற்பூரம் மின்விசிறிக் காற்றில் மூன்று தரம் அணைந்துவிட்டது. தேங்காய் சண்டித்தனம் செய்தது. வைத்தி சார் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி தவித்தார். பிளான்ட்டைத் தொடங்கும்போது வால்வை மெல்லத் திறக்க வேண்டும், ஒன்றிலிருந்து நூறுவரை எண்ண வேண்டும் என்பது அவரே எங்களுக்குப் போட்ட சட்டம். வெறும் குழாய்க்குள் தண்ணீர் ஒரேயடியாகப் பாய்ந்தால் உள்ளே இருக்கிற மெம்பிரேன்கள் முட்டிக்கொள்ளும்.

“நல்ல நேரம் முடியப் போறது, சுடலை! சீக்கிரம், சீக்கிரம்!”

அண்ணாச்சி இருபது எண்ணுவதற்குள் முழுக்கத் திறந்தார். இரண்டாவது குழாய்க்குள் ‘டம்’ என்று ஒரு சத்தம்.

“நல்ல சகுனம்” என்றார் சார். எல்லோரும் பொரி சாப்பிட்டோம்.

அன்று மீட்டர் காட்டிய எண் அறுபத்திரண்டு. அருமையான எண். மறுநாளும் அறுபத்திரண்டு. அதற்கு அடுத்த நாளும் அதுவே. கேட்டுக்குப் பக்கத்துக் கரும்பலகையில் தினமும் இந்த எண்ணைச் சாக்பீஸால் எழுதிப் போடுவது வழக்கம். நான் இரண்டாம் நாளுக்குப் பிறகு அழிக்கவே இல்லை, தேதியை மட்டும் மாற்றினேன்.

மூன்றாம் நாள் வைத்தி சார் காபி டபராவைக் கையில் வைத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார்.

“செல்வி, உண்மையச் சொல்லு. உப்பு போட்டியா?”

“இந்த வாட்டி நான் போடல சார்.”

“சத்தியமா?”

“எங்கம்மா மேல சத்தியமா.”

அவர் என்னை நம்பினார். நான் அன்று பொய் சொல்லியிருந்தால்கூட அவருக்கு நல்லதாக இருந்திருக்கும். நான் போடவில்லை, மீட்டரும் ஏறவில்லை என்றால் மிச்சம் இருப்பது அவர் நாக்கு மட்டும்தானே?

அடுத்த இரண்டு வாரமும் ‘நா’ கட்டத்தில் ‘கரிக்கிறது’ என்றே விழுந்தது. பக்கத்துக் கட்டத்தில் அறுபத்திரண்டு. தண்ணீர் ஒரு மாதிரி இருக்கிறதே என்று கேன்டீனில் சிலர் முகம் சுளித்தார்கள். அப்படிச் சுளித்தவர்களே கரும்பலகையைப் பார்த்துவிட்டு, இல்லை, நன்றாகத்தான் இருக்கிறது என்று இரண்டாவது டம்ளர் குடித்தார்கள். நானும் குடித்தேன். நானும் பலகையைத்தான் நம்பினேன், அதை எழுதியதே நான்தான்.

இங்கே ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். வாரத்துக்கு ஒருமுறை நல்ல தண்ணீரை லேபில் சோதித்து, உப்பு எவ்வளவு என்று எழுதுவது என் வேலை. சொட்டுச் சொட்டாக மருந்தை விட்டு, நிறம் மாறும்வரை காத்திருக்க வேண்டும். உப்பு அதிகமானால் சொட்டும் அதிகமாகும். மீட்டர் ஒழுங்காக இருந்தால் இந்த விடை என்ன வரும் என்பது எங்களுக்கு மனப்பாடம். அதனால் உட்கார்ந்த இடத்திலிருந்தே மீட்டர் எண்ணைப் பார்த்து விடையை எழுதிவிடுவோம். லேபில் இதற்கு ‘நாற்காலி டெஸ்ட்’ என்று பெயர். எனக்கு முன்னால் இருந்தவர்களும் செய்தார்கள். நானும் அந்த மூன்று வாரமும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

பதினாறாம் நாள் தலைமை அலுவலகத்திலிருந்து சாவந்த் சாப் வந்தார். எங்கள் எல்லாத் தொழிற்சாலைகளுக்கும் மேலே இருந்த என்ஜினீயர். பதிவேட்டைப் புரட்டினார். அறுபத்திரண்டுக்குப் பக்கத்தில் வரிசையாக விழுந்திருந்த தமிழ் எழுத்துக்களைக் காட்டி, இது என்ன என்று கேட்டார். வைத்தி சார் விளக்கினார். சாவந்த் சாப் நல்ல மனிதர், சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டார்.

“வைத்தி சாப், மீட்டர் ஜூட் நஹி போல்தா” என்றார். மீட்டர் பொய் சொல்லாதாம். பிறகு என் பக்கம் திரும்பி, லேப் ரிசல்ட் என்ன என்று கேட்டார்.

சார் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஒரு நம்பிக்கை இருந்தது, அதை நான் நன்றாகவே பார்த்தேன்.

“மீட்டரோட மேட்ச் ஆகுது, சார்” என்றேன்.

அவ்வளவுதான். வயதாகிவிட்டது, அலைச்சல் வேண்டாம், ஒன்றாம் தேதியிலிருந்து பிளான்ட்டை வேறொருவர் பார்த்துக்கொள்வார், நீங்கள் ஸ்டோரில் உட்காருங்கள் என்று மரியாதையாகவே சொன்னார் சாவந்த் சாப். மூன்று நாள் கழித்து வந்து கையெழுத்து வாங்கிக்கொள்வதாகக் கிளம்பிப் போனார். இருபத்திரண்டு வருடம் ஓட்டிய பிளான்ட். வைத்தி சார் “போறும்” என்றுகூடச் சொல்லவில்லை.

மறுநாள் மதியம் அவர் டிபன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். மோர் சாதம்.

“செல்வி, ஒரு வாய் சாப்ட்டுப் பாரேன். இதுல உப்பு இருக்கா, இல்லையா? ஆத்துல கேட்டா இருக்குங்கறா. எனக்கு ஒண்ணுமே தெரியலை. நாக்கு போயிடுத்து போலருக்கு.”

அன்று காலை அவர் காபி போடவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. மோர் சாதத்தில் உப்பு சரியாக இருந்தது. “சரியா இருக்கு சார்” என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டு, ஒரு வாய்கூடச் சாப்பிடாமல் டப்பாவை மூடி எடுத்துப் போனார். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஏன் என்று எனக்கே அப்போது முழுதாகத் தெரியாது.

பத்தொன்பதாம் நாள் காலை வடிகட்டி மாற்றுவதற்காக அண்ணாச்சி பிளான்ட்டை நிறுத்தினார். பம்பு நின்றால் சவ்வைத் தாண்டி நல்ல தண்ணீர்ப் பக்கம் உப்பு மெல்லக் கசியும், மீட்டர் எண் ஏறும். இது எல்லா பிளான்ட்டிலும் நடப்பது. நான் சும்மா நிமிர்ந்து பார்த்தேன். அறுபத்திரண்டு. அரை மணி கழித்துப் பார்த்தேன். அறுபத்திரண்டு. அப்போதுதான் இந்த எண் பத்தொன்பது நாளாக ஒரு புள்ளிகூட அசையவில்லை என்பது உறைத்தது. அறுபத்தொன்று இல்லை, அறுபத்து மூன்று இல்லை.

“அண்ணாச்சி, அந்த முனையக் கழட்டுங்க.”

கழற்றினார். கையில் வாங்கியதும் வாசனை வந்தது. பத்தொன்பது நாள் தண்ணீருக்குள் இருந்தும் சந்தன வாசனை! ஊசித் துளைகள் எல்லாவற்றையும் அடைத்துக்கொண்டு, சிமென்ட் பூசியதுபோல இறுகியிருந்தது. செம்பூர் மார்க்கெட்டில் மலிவாக வாங்கிய பொடி, அதில் சந்தனம் எவ்வளவு, சுண்ணாம்பு எவ்வளவு என்று விற்றவனுக்கே வெளிச்சம். முதன்முதலில் வந்து உள்ளே சிறைப்பட்ட விஜயதசமித் தண்ணீரைத்தான் மீட்டர் இத்தனை நாளும் அளந்துகொண்டிருந்தது.

கையில் இருந்ததை அப்படியே வைத்துவிட்டு லேபுக்கு ஓடினேன். மூன்று திருகுத் தண்ணீரையும் வாழ்க்கையிலேயே முதல்முறையாக நின்றுகொண்டு சோதித்தேன். முதலாவதும் மூன்றாவதும் சுத்தம். இரண்டாவதில் சொட்டு விட்டுக்கொண்டே இருந்தேன், நிறம் மாறவே இல்லை. உப்பு, நிறைய உப்பு. வைத்தி சாரின் நாக்கு அத்தனை நாளும் சரியாகவே இருந்திருக்கிறது.

அண்ணாச்சி என் பின்னாலேயே வந்து நின்றார்.

“தங்கச்சி, கழுவி மாட்டிருவோம். இன்னிக்குத்தான் கெட்டுச்சுன்னு சொல்லுவோம். யாருக்குத் தெரியப் போவுது? ஒனக்கு வேல நெரந்தரமாவ இன்னும் மூணு மாசந்தான கெடக்கு?”

அவர் எனக்கு நல்லதுதான் சொன்னார். கழுவினால் என் வேலை தப்பிக்கும். பிளான்ட்டும் சரியாகும். ஆனால் முந்தின பதினெட்டு நாளும் மீட்டர் சொன்னதுதான் சரி, கிழவரின் நாக்குதான் போய்விட்டது என்று ஆகிவிடும். அன்று மதியமே சாவந்த் சாப் கையெழுத்து வாங்க வருகிறார். அம்மாவிடம் போய் என்ன சொல்வது என்று நினைத்தேன். பிறகு அந்த மூடிய டிபன் டப்பாவை நினைத்தேன்.

“கழுவாதீங்க அண்ணாச்சி” என்றேன்.

மதியம் பூஜைத் தாம்பாளத்தை எடுத்து, மீட்டர் முனையைச் சந்தனமும் குங்குமமுமாக நடுவில் வைத்துக்கொண்டு ஆபீஸ் அறைக்குப் போனேன். சாவந்த் சாப் பேனாவை நீட்டிக்கொண்டிருந்தார். வைத்தி சார் கண்ணாடியை மாட்டிக்கொண்டிருந்தார்.

“பிரசாத் ஹை, சாப்” என்று தாம்பாளத்தை நீட்டினேன். எனக்குப் பயம் வந்தால் இந்த மாதிரிக் கோணங்கித்தனம்தான் முதலில் வரும். சாவந்த் சாப் பேனாவை வைத்துவிட்டு, பக்தியோடு வலது கையைக் குழித்து நீட்டினார். உள்ளங்கையில் மீட்டர் முனையை வைத்தேன்.

சந்தனக் கதையைச் சொல்வது சுலபமாக இருந்தது, அதில் எனக்குத் துணையாகச் சாமியும் நின்றார். “லேப் டெஸ்ட் நான் பண்ணவே இல்ல சார், உக்காந்த எடத்துல எழுதுனேன்” என்று சொன்னபோது யாரும் துணைக்கு நிற்கவில்லை. முனையை மாட்டியது யார் என்று சாவந்த் சாப் கேட்டார். மாட்டச் சொன்னது நான் என்று மட்டும் சொன்னேன்.

வைத்தி சார் என்னைப் பார்க்கவே இல்லை. முனையை எடுத்து மூக்கருகே கொண்டுபோனார்.

“அப்போ... என் நாக்கு?”

“ஒங்க நாக்கு சரியாத்தான் சார் இருந்துச்சு. ரெண்டாவது கொழாய்தான் கரிக்குது.”

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

“சந்தனம் எங்க வாங்கினே?”

“செம்பூர் மார்க்கெட் சார்.”

“ஏமாத்திட்டான்” என்றார். எழுந்து நேராகக் கையைக் கழுவப் போனார்.

பிளான்ட்டை ஓட்டி, இரண்டாவது குழாயின் கோடியில் இருந்த சின்ன மூடியைத் திறந்தார்கள். உள்ளே ஆறு மெம்பிரேன்களுக்கும் நடுவே நல்ல தண்ணீர் ஓடும் பாதை ஒன்று உண்டு. அதற்குள் மெல்லிய பிளாஸ்டிக் குழல் ஒன்றைக் கடைசிவரை விட்டு, மை அடையாளம் வைத்த அளவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே இழுத்தால், அந்தந்த இடத்துத் தண்ணீர் தனித்தனியே வரும். சார் மூன்று தரம் கொப்பளித்தார். கண்ணை மூடினார். ஒவ்வொரு அடையாளத்துக்கும் ஒரு வாய். நான் பத்துப் பத்தாக எண்ணினேன். சாவந்த் சாப் கைகட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

சரி. சரி. சரி. நாலாவது மெம்பிரேன் முடிகிற இடத்தில் சாரின் முகம் கோணியது. கண்ணைத் திறக்காமலே “இங்கதான்” என்றார். அப்படி ஒரு சந்தோஷத்தோடு உப்புத் தண்ணீரைத் துப்பிய மனிதரை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை. கழுவிய மீட்டர் முனையை அந்தத் தண்ணீரில் நனைத்தோம். எண் எகிறியது.

பிரித்துப் பார்த்தால், நாலாவதையும் ஐந்தாவதையும் இணைக்கிற இடத்தில், கைக்குழந்தையின் வளையல் அளவுள்ள ரப்பர் வளையம் ஒன்று முறுக்கிக்கொண்டு நழுவியிருந்தது. உப்புத் தண்ணீர் அந்த வழியாகத்தான் சொந்த வீட்டுக்குள் நுழைவதுபோல நுழைந்திருக்கிறது. இது எப்படி நழுவும் என்று கேட்டார் சாவந்த் சாப். அண்ணாச்சி தரையைப் பார்த்தார். நான் அந்த ‘டம்’ சத்தத்தை நினைத்துக்கொண்டேன், ஆனால் வாயைத் திறக்கவில்லை. அன்றைக்கு நான் பேசிய வரைக்கும் போதும் என்று இருந்தது.

“நான்தான், சாப்” என்றார் வைத்தி சார். “முகூர்த் பீத் ரஹா தா. ஜல்தி கர்வாயா.” நல்ல நேரம் முடியப் போகிறதே என்று அவசரப்படுத்தியதைத் தானே சொன்னார்.

சாவந்த் சாப் எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கையெழுத்துக் காகிதத்தை நாலாகக் கிழித்தார். சாருக்கு ஒரு மெமோ, எனக்கு ஒரு மெமோ, என் பயிற்சிக் காலம் இன்னும் ஆறு மாதம் நீட்டிப்பு. பிளான்ட் சாரிடமே இருக்கட்டும், அந்தக் கட்டமும் இருக்கட்டும் என்றார். போகும்போது பொரி ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்றும் கேட்டார்.

அன்றைய ‘நா’ கட்டத்தில் சார் எழுதினார்: “சரி. கெட்டதற்குக் காரணம் என் நல்ல நேரம். தெரியாமல் போனதற்குக் காரணம் செல்வியின் பொட்டு.”

மெமோவைக்கூட நான் பெரிதாக நினைக்கவில்லை. சார் கொடுத்த தண்டனைதான் தாங்க முடியவில்லை. அன்றிலிருந்து என்னை ‘நீங்கோ’ என்று பேச ஆரம்பித்துவிட்டார். “நீங்கோ அந்தப் பதிவேட்டக் கொஞ்சம் எடுங்கோ.” “நீங்கோ சாப்ட்டாச்சா?” திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது குறும்பு செய்து சமாளித்திருப்பேன். மரியாதையை என்ன செய்வது? மாவடு தின்றுவிட்டு வேண்டுமென்றே பக்கத்தில் போய் நின்றேன். “பரவாயில்லை, நில்லுங்கோ” என்றார். அந்த மாதங்களில் நான் ஒரு சோதனையைக்கூட உட்கார்ந்து செய்யவில்லை. பிறகு வேலை பார்த்த அத்தனை வருடத்திலும் செய்ததில்லை, நந்தினி, இதை மட்டும் அம்மாவை இரண்டு தரம் படிக்கச் சொல்.

கடைசியில் ஒருநாள் என் வேலை நிரந்தரமான கடிதம் வந்தது. சாரிடம் காட்டினேன். படித்தார், மடித்துக் கொடுத்தார், அடுப்பு இருக்கிற பக்கம் போனார். திரும்பி வரும்போது அவர் கையில் அந்த டபரா. அதில் அவர் யாருக்கும் காபி கொடுத்து நான் பார்த்ததில்லை. என் மேசையில் வைத்தார்.

“குடி, செல்வி. எப்படி இருக்குன்னு சொல்லு.”

அந்தக் ‘குடி’யில் ‘நீங்கோ’ இல்லை. தலையைக் குனிந்துகொண்டு ஒரு வாய் குடித்தேன்.

உப்பு. ஒரு சிட்டிகை இல்லை, ஒரு கரண்டியாவது இருக்கும். நிமிர்ந்து பார்த்தேன். சார் மும்முரமாக மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார், தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது.

ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்து முடித்தேன். பதிவேட்டை என் பக்கம் இழுத்து, ‘நா’ கட்டத்தில் என்னால் முடிந்தவரை அழகான கையெழுத்தில் எழுதினேன்: “வைத்தி சார் உப்பு போட்டார்.”